தண்ணி நல்லாத்தான் பீச்சிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் தம்பி மகனிடமிருந்து போன்.

"பெரியப்பா, ஷெட்டுல கெடக்க பழைய எஞ்சினை எடைக்குக் கேக்கான். குடுத்துரட்டுமா?"

கிலோ என்ன விலைக்கு எடுக்கிறான் என்று கேட்டேன். சொன்னான். மொத்தமாகக் கணக்குப் போட்டால் எங்கள் வீட்டு மிக்சி விலைகூடத் தேறாது. "ரெண்டு நாள் பொறு மக்கா, சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் எதற்கு என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அந்த எஞ்சினைப் பற்றி எழுதிவிட்டுக் கொடுக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடற்கரைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டி ஓட்டிவிட்டு, கரை வந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிற மோட்டார் இது. ஆங்கிலத்தில் அவுட்போர்டு மோட்டார், ஆபீஸ் காகிதத்தில் ஓ.பி.எம்., எங்கள் ஊரில் வெறும் எஞ்சின். கன்னியாகுமரி மாவட்டக் கரையில் இது பரவியது 1980-களில்தான். அதற்கு முன் பாயும் துடுப்பும். எங்கள் அப்பா கடைசிவரை எஞ்சினை நம்பவில்லை. "பாய் கிழிஞ்சா நானே தைப்பேன், இது கெட்டா யாரு தைப்பா?" என்பார்.

நான் தைப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக முப்பது வருஷம். தம்பியின் எஞ்சின் 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுவது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். 1998-ல் பழையதாகத்தான் வாங்கினோம். பாதிப் பணம் தம்பியுடையது, மீதி என் பி.எப். கடன். பணமும் போட்டு, வாத்தியாராகவும் இருந்ததால் அந்த எஞ்சினுக்கு எது வந்தாலும் நான்தான் வைத்தியன் என்ற நினைப்பு எனக்கு. தம்பிக்கும் அந்த நினைப்பு இருந்ததுதான் பிரச்சினை.

நான் ஓய்வு பெற்றது 2011-ல். அடுத்த வருஷம் ஜூலை மாதம் தம்பி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அது. வள்ளத்துக்குத் தடை இல்லை. பெரிய படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் வள்ளத்துக்காரன் கொண்டுவருகிற மீனுக்கு நல்ல விலை. கணவாயும் படுகிற காலம். ஒரு நாள் எஞ்சின் நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று.

"அண்ணா, எஞ்சினுக்கு வலுவில்ல. முழுசாத் திருகினாலும் பாதி ஓட்டந்தான் ஓடுது. மூடியத் தொறந்தா அடியில தண்ணி கெடக்கு."

ஒரே மூச்சில் இரண்டு புகார். இரண்டும் ஒரே நோயா, இரண்டு நோயா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. தண்ணீர் ஒழுகுகிறது, அதனால் வலு குறைகிறது, ஒழுக்கை அடைத்தால் வலு வந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

இந்த எஞ்சினில் தண்ணீர் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கியர் பெட்டிக்கு மேலே, ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் ஒன்று இருக்கிறது. அது கடல்தண்ணீரை உறிஞ்சிக் குழாய் வழியாக மேலே தள்ளும். தண்ணீர் புகை போகும் பாதையைச் சுற்றி, சிலிண்டரைச் சுற்றி, ஹெட்டைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிக் கடலிலேயே போய்ச் சேரும். அதில் கொஞ்சம் மட்டும் பிரிந்து பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாக நூல் மாதிரி வெளியே பீச்சும். உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "எஞ்சின் மூத்திரம் பெய்யுதா?" என்றுதான் எங்கள் வீட்டில் கேட்பது. பெண்கள் இருந்தால் "தண்ணி பீச்சுதா?"

முதலில் மண்ணெண்ணெயைப் பார்த்தேன். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். காலையில் பார்த்தபோது அடியில் இரண்டு சொட்டுகூட இல்லை. கியர் ஆயிலையும் அதே ராத்திரி நிற்க வைத்து, காலையில் கீழ் ஸ்குரூவை மெல்லத் தளர்த்தினேன். அங்கே சீல் போயிருந்தால் முதலில் தண்ணீர் வரும், அல்லது ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் தங்கூசி நூல் சுற்றிக்கொண்டு சீலை அறுப்பது எங்கள் கரையில் சகஜம். இதில் ஆயில் ஆயிலாகவே வந்தது. புரொப்பல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கினாலும் எஞ்சின் கத்தும், வள்ளம் நகராது. அதற்கு உள்வளையத்திலிருந்து வெளிவளையம்வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, கடலில் ஓட்டிவிட்டு வந்து கோடு பிசகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் இந்த எஞ்சின் கத்தவே இல்லை, முனகியது. ஆகவே அதுவும் இல்லை.

இதுவரை நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

பிறகு மேல்மூடியைக் கழற்றி உள்ளே துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மூட்டுகளில் எல்லாம் சாக்பீஸ் தூள் தூவி, டிரம்மில் தண்ணீர் நிறைத்து எஞ்சினை ஓட விட்டேன். ஒழுகும் இடத்தில் தூள் நனைந்து கோடு விழும். ஐந்தே நிமிடம். பீச்சும் ஓட்டைக்குப் போகிற ரப்பர் குழாய் ஒரு வளைவில் வெடித்திருந்தது. அங்கிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தம்பி மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தெருவில் போன ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை மாற்றினேன். கையோடு கையாக இம்பெல்லரையும் புதிதாகப் போட்டேன், பழையதில் இரண்டு இதழ் மடங்கிப்போயிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மறுபடி டிரம்மில் ஓட்டினால் தண்ணீர் முன்னைவிட இரண்டு மடங்கு தூரம் பீச்சியது. எஞ்சின் சத்தமும் நன்றாக இருந்தது.

"பிளக்?" என்று கேட்டேன்.

"போன வாரந்தான் புதுசு போட்டேன்" என்றான் தம்பி. சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு விஷயம் என் கண்ணிலும் காதிலும் விழுந்தது. ஒன்று, பீச்சும் தண்ணீர் சீராக இல்லை. நடுநடுவே காற்றுக் கலந்து துப்பியது. டிரம்மில் புகையும் தண்ணீரும் சேர்ந்து கொதிப்பதால் பம்ப் காற்றை இழுக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது, தம்பி மகன் சொன்னது: "காலையில மொத இழுப்பு மட்டும் கயிறு கனக்கு பெரியப்பா. அப்புறம் சரியாயிரும்." அவனுக்கு அப்போது பதினேழு வயது. "நல்லா சாப்பிடு, கனக்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடிகாலை அப்பனும் மகனும் கடலுக்குப் போனார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும். நாலு ஆயிற்று. கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குத் தம்பி மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தேன். போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. முட்டம் கலங்கரை விளக்கில் வெளிச்சம் சுற்ற ஆரம்பித்தபோதும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் கரை முழுவதும் மணல் இல்லை, பாறைகள் உண்டு. எஞ்சின் நின்ற வள்ளத்தைக் கச்சான் எந்தப் பக்கம் தள்ளும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால் யாரும் பேசவில்லை.

எட்டரை மணிக்கு இரண்டு வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னால் வந்தது அடுத்த ஊர்க்காரர்களுடையது. பின்னால் கயிற்றில் எங்கள் வள்ளம்.

நடந்தது இதுதான். போகும்போது பாதி ஓட்டத்தில் ஒழுங்காகப் போயிருக்கிறது. திரும்பும்போது காற்று ஏறுவதைப் பார்த்துத் தம்பி முழுசாகத் திருகியிருக்கிறான். பத்து நிமிடம் நல்ல ஓட்டம். பிறகு சத்தம் மாறி, ஒற்றைக் காலில் நொண்டுவது போல ஓடி, நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் பாறையைக் கட்டி இழுப்பது போல. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றில் தண்ணீர்த்துளி. துடைத்துப் போட்டும் கிளம்பவில்லை. நங்கூரம் போட்டார்கள். ஒருமுறை அது பிடி விட்டு இழுபட்டது, மறுபடி பிடித்தது. பையன் டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். கணவாய்த் தூண்டிலுக்குப் போன அந்த வள்ளத்துக்காரர்கள் கண்டு, தூண்டிலைச் சுருட்டிவிட்டு வந்தார்கள். எரித்த எண்ணெய்க்காவது காசு வாங்கிக்கொள்ளச் சொன்னோம். தொடவில்லை. கடலில் அது வழக்கம்.

பையனின் உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்து உரிந்திருந்தது. தம்பி ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தான். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

"அண்ணா, தண்ணி நல்லாத்தான் பீச்சிச்சு" என்றான்.

என்னைத் தேற்றுவதற்குச் சொன்னான். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எஞ்சினைக் குளச்சலுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஷெட் வைத்திருந்தவர் என்னிடம் படித்த மாணவர். எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம், அதனால்தான் அதுவரை அங்கே போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிறகு முதல் வேலையாக இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் மேலுள்ளதை மேலே, கீழுள்ளதைக் கீழே வைத்தார்.

மேல் சிலிண்டர் பிளக் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு உரிய கருங்காப்பி நிறத்தில் இருந்தது. கீழ் சிலிண்டர் பிளக் கடையில் வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் வெள்ளையாக இரண்டு உப்புப் பொருக்கு.

"புதுசு போட்டு பத்து நாளாச்சு சார். பத்து நாள் எரிஞ்ச பிளக் இப்பிடி இருக்காது" என்றார். சிலிண்டருக்குள் கசிகிற தண்ணீர் ஆவியாகிப் பிளக்கைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு நான் கழற்றிப் பார்த்திருந்தால்கூட, புதுசுதானே என்று திருப்பி மாட்டியிருப்பேனோ என்னவோ.

அடுத்து கம்ப்ரெஷன் பார்த்தார். இரண்டு பிளக்கையும் கழற்றிய நிலையில், ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து, கேஜைத் திருகி, கயிற்றை ஏழெட்டு முறை இழுப்பது. மேல் சிலிண்டர் 95 காட்டியது. கீழ் 60. புது எஞ்சினின் அளவு என்ன என்பதைவிட, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருக்கலாம். இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

பிளக்கைத் துடைத்துப் போட்டு டிரம்மில் கிளப்பினார். அரும்பாடுபட்டுக் கிளம்பியது. மேல் பிளக்கின் கேப்பைப் பிடுங்கிப் பாடியில் எர்த் கொடுத்தார், எஞ்சின் சாகப் போனது. அதை மாட்டிவிட்டுக் கீழ் கேப்பைப் பிடுங்கினார், பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அதாவது இத்தனை நாளும் தம்பி ஒன்றேகால் சிலிண்டரில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். கேப்பை வெறுமனே தொங்கவிடக் கூடாது, எலக்ட்ரானிக் யூனிட் போய்விடும். இதை வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவர் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

ஹெட்டைக் கழற்ற அரை நாள் ஆயிற்று. உப்புப் பிடித்த போல்ட்டுகள். சுற்றிலும் சூடுகாட்டி, தட்டித் தட்டி, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று திருப்பி எடுத்தார். அப்படியும் ஒன்று முறிந்தது. ஹெட்டைத் தூக்கினால் கேஸ்கட்டில், கீழ் சிலிண்டர் விளிம்பிலிருந்து பக்கத்தில் இருக்கும் தண்ணீர் ஓட்டைவரை, பென்சிலால் கோடு போட்டது போலக் கறுப்பாக ஒரு தடம்.

அந்தக் கோடு அத்தனைக்கும் பதில் சொன்னது. எரியும்போது அழுத்தம் அந்த வழியாகத் தண்ணீர்ப் பாதைக்குள் பாய்கிறது, அதுதான் பீச்சும் தண்ணீரில் வந்த காற்று. நிறுத்தியபின் ஹெட்டில் தங்கிய தண்ணீர் அதே வழியாகச் சிலிண்டருக்குள் இறங்குகிறது, அதுதான் பையனுக்குக் காலையில் கனத்த முதல் இழுப்பு. மெதுவாக ஓடும்போது கேஸ்கட் ஓரளவு தாங்கும். முழு வலுவும் முழுச் சூடும் ஏறும்போதுதான் வாய் திறக்கும். டிரம்மில் அந்தச் சுமையும் வராது, அந்தச் சூடும் வராது. நான் எஞ்சினைச் சோதித்த இடத்தில் அதற்கு நோயே இல்லை. ரப்பர் குழாய் வெடித்ததும் உண்மைதான். ஆனால் அது வேறு ஒழுக்கு, அது பாட்டுக்குத் தனி. அதைக் கண்ட சந்தோஷத்தில் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

ஹெட்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பின்னால் டார்ச் அடித்தால் கீழ்ப்பக்கம் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவது போல ஹெட்டைத் தேய்த்து மட்டமாக்கினார். தண்ணீர்ப் பாதைகளில் சுண்ணாம்பு மாதிரி அடைந்திருந்த உப்பைக் கம்பியால் கிண்டி எடுத்தோம். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார், மரியாதையாகத்தான். தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலி. தம்பி எப்போதோ பிடுங்கி எறிந்திருக்கிறான். எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பலரும் இப்படிச் செய்கிறார்கள். மண்ணெண்ணெய்க்குக் குளிர்ச்சி ஆகாது, சரியாக எரியாமல் கரி பிடிக்கும். அதையும் புதிதாகப் போட்டார். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, எதிரும் புதிருமாக, மூன்று தவணையாக முறுக்கி, ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை முறுக்கு பார்த்தார். கேஸ்கட்டின் விலை நான் போட்ட இம்பெல்லரின் விலையைவிடக் குறைவு.

"டிரம்மை நம்பாதீங்க சார். கடல்ல முழுசாத் திருகி இருவது நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் தொழிலுக்குப் போணும்" என்றார்.

அந்த ஓட்டத்துக்கு நானும் போனேன். தம்பி வேண்டாம் என்றான், கேட்கவில்லை. கடலில் இறங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. முதல் இரண்டு அலையிலேயே காலையில் தின்ற புட்டு வெளியே வந்துவிட்டது. பையன் ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எஞ்சினை முழுசாகத் திருகினான். வள்ளத்தின் மூக்கு தூக்கியது. இருபது நிமிடம் நான் கரையையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை, அந்த நூல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடத் துப்பவில்லை. திரும்பி வந்து சூட்டோடு பிளக்கைக் கழற்றினோம். இரண்டும் ஒரே நிறம்.

அதன்பிறகு அந்த எஞ்சின் ஆறு வருஷம் ஓடியது. தம்பிக்கு முழங்கால் போய்க் கடலை விட்டபோது அதுவும் ஷெட்டுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை தம்பி மகனைக் கூப்பிட்டேன். எடைக்குக் கொடுத்துவிடு, ஹெட்டை மட்டும் கழற்றி எனக்கு எடுத்து வை என்றேன். எதற்கு என்று கேட்டான். மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க என்றேன். சிரித்தான். அப்புறம் பேச்சுவாக்கில், "இப்ப உள்ள எஞ்சினும் காலையில மொத இழுப்பு கொஞ்சம் கனக்கு பெரியப்பா, குளிரா இருக்கும்" என்றான்.

"போனை வச்சிட்டுப் பிளக்கைக் கழத்து" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து வாட்சாப்பில் படம் வந்தது. வெள்ளைத் துணியில் மேலொன்று, கீழொன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் கருங்காப்பி.